புலி மார்க் தைலமும் லேசர் ஒளியும்



நம் வீட்டு அலமாரியில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி இருக்கும். ஆறு பட்டை கொண்ட புட்டி. மூடியைத் திறந்தால் அதன் வாசம் அறை முழுவதும் பரவும். விடியற்காலைக் குளிரில் மரம் வெட்டப் போய், மழையில் நனைந்து திரும்பிய அப்பாவின் நெற்றியில் அம்மா அதைத்தான் தடவுவார். செம்பனைக் குலை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் அண்ணனுக்கும் அதுதான். புலி மார்க் தைலத்தைத்தான் சொல்கிறோம்.

அந்தத் தைலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆவ் சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியர் 1870-ஆம் ஆண்டுகளில் பர்மாவின் ரங்கூன் நகரில் ஒரு மருந்துக்கடை வைத்தார். அவருடைய மகன்களில் இருவர் ஆவ் பூன் ஹா, ஆவ் பூன் பார். 'பூன் ஹா' என்றால் சாதுவான புலி என்று பொருள். அந்தப் புலிதான் புட்டியின் மேல் நிற்கிறது. 1926-இல் அந்தத் தொழில் சிங்கப்பூருக்கு வந்தது. ஆகவே, சீனருடைய மருத்துவ அறிவு பர்மாவில் மருந்தாகி, சிங்கப்பூரில் வளர்ந்து, தமிழர் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நாட்டு வைத்தியம் கடல் தாண்டி வளர்வது என்பது இதுதான்.

சீன மருத்துவம் தன் தாய்நாட்டுக்கு வெளியே எப்படி வேரூன்றியது, அதன் மருந்துகளுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைய விஞ்ஞானம் எப்படிப் பார்க்கிறது என்ற இரண்டையும் இன்று பார்ப்போம். அதைச் சொல்லுமுன், இந்த உரையை நாங்கள் எழுதத் தூண்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டியவர். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒருநாள் இரவுச் சந்தையில் ஒருவர் அவருக்குக் கறுப்பு மாத்திரைகள் விற்றார். பிளாஸ்டிக் புட்டியில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. "எல்லாம் வேர்தான் ஐயா, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லிக் கொடுத்தார். நான்கே நாளில் பெரியவர் பிள்ளைபோல நடந்தார். லயமே அதிசயப்பட்டது. இன்னும் இரண்டு பேர் அதே மாத்திரையை வாங்கினார்கள். சில மாதங்களில் பெரியவரின் முகம் நிலவுபோல உருண்டு பருத்தது. சர்க்கரை ஏறியது. ஒரு வாரம் மாத்திரை கிடைக்காமல் போகவே, படுத்த படுக்கையாகி மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர், "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டார். அவர் மனைவி, "வேர்தாங்க ஐயா" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேரோடு ஸ்டீராய்டு என்ற கடுமையான மருந்தும் கலந்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் முகத்தையும் ரத்தத்தையும் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் புட்டிக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி எங்களை விடவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

நேயர்களே, சீன மருத்துவம் இந்த மண்ணுக்கு எப்படி வந்தது? நம் முன்னோர் காப்பித் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கப்பலேறி வந்ததுபோல, சீனத் தொழிலாளர்கள் ஈயச் சுரங்கங்களுக்கு வந்தார்கள். அவர்களும் காய்ச்சலால் விழுந்தார்கள். உடல் நோவை மறக்கப் பலர் அபினியை நாடினார்கள். 1879-இல் பேராக் மாநிலத்தின் கோப்பெங் பட்டணத்தில் இயூ கோங் என்பவர் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு மருந்துக்கடை திறந்தார். அதுதான் பின்னாளில் இயூ யான் சாங் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

கோலாலம்பூரில் யாப் குவான் செங் சாலை இருக்கிறது அல்லவா? அந்தக் கப்பித்தான் யாப் குவான் செங் 1881-இல் ஏழைச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். இன்றைய துங் சின் மருத்துவமனையின் தொடக்கம் அது. அதற்கும் முன்பே, 1867-இல், சிங்கப்பூரில் தோங் சாய் மருத்துவ நிலையம் தோன்றியது. ஏழை நோயாளிகளுக்கு இலவச வைத்தியம், இலவச மருந்து. இனம், மதம், மொழி என்ற வேறுபாடு பார்ப்பதில்லை என்பது அதன் கொள்கை. அதன் பழைய கட்டடத்தைச் சிங்கப்பூர் அரசாங்கம் 1973-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

சீன மருத்துவம் வெளிநாட்டில் முதலில் வளர்ந்தது பணக்காரர் மாளிகையில் அன்று என்பதை இவை காட்டுகின்றன. வீட்டை விட்டு வந்த தொழிலாளியின் படுக்கையருகே அது வளர்ந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளின் கதையும் ஏறக்குறைய இதேதான். சுக்கும் மிளகும் திப்பிலியும் நம்மோடு கப்பலேறி வந்தவைதாமே!

ஆனால், கடல் தாண்டிய மருத்துவத்துக்கு ஒரு சோதனை காத்திருந்தது. ஊரில் எல்லாரும் நம்பினார்கள் என்பது வெளியூரில் செல்லாது. "இது வேலை செய்யும் என்பதற்கு என்ன சான்று? இதில் நஞ்சு இல்லை என்பதற்கு என்ன சான்று?" என்று உலகம் கேட்டது. அந்தச் சோதனையில் சீன மருத்துவம் ஒருமுறை பெரும் வெற்றி பெற்றது. இன்னொரு முறை பெருந்துன்பம் விளைந்தது. இரண்டையும் கேளுங்கள்.

முதலில் வெற்றியைச் சொல்வோம். காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் நம் முன்னோரை வாட்டி எடுத்த நோய் மலேரியா. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடிய வைத்துக் கொசுவை அடக்கத் தொடங்கினார். தோட்டங்களில் கசப்பான கொய்னா கொடுத்தார்கள். கொய்னாவும் ஒரு மரத்தின் பட்டைதான். தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்திலிருந்து வந்தது. பிறகு செயற்கை மருந்துகள் வந்தன. ஆனால் மலேரியாக் கிருமிகள் அவற்றுக்கும் பழகிவிட்டன.

சீன அரசாங்கம் 1967 மே 23-ஆம் நாள் புதிய மலேரியா மருந்து தேடும் ஓர் இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த நாளை வைத்தே அதற்கு 523 என்று பெயர். 1969-இல் பீக்கிங் நகரில் தூ யூயூ என்ற பெண் ஆராய்ச்சியாளர் அந்தப் பணியில் சேர்க்கப்பட்டார். அவரும் அவர் குழுவினரும் பழைய ஏடுகளைப் புரட்டி 2000-க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். சிங்ஹாவ் என்ற செடி கண்ணில் பட்டது. சாற்றை எடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோது ஒருநாள் பலன் தந்தது, மறுநாள் தரவில்லை.

அப்போது தூ யூயூ கோ ஹோங் என்பவரின் நூலை மறுபடி படித்தார். கோ ஹோங் 4-ஆம் நூற்றாண்டு வைத்தியர். காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். பிழிந்து! காய்ச்சி அன்று! வழக்கமாக மூலிகையைக் கொதிக்க வைப்பார்கள். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. 35 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4-ஆம் நாள் 191-ஆம் எண் மாதிரி, எலிகளின் இரத்தத்திலிருந்த மலேரியாக் கிருமிகளை முழுவதும் ஒழித்தது. 1972-இல் நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் அவரும் அவர் தோழர்களும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள்.

அந்த மருந்துதான் ஆர்ட்டிமிசினின். 2006-இல் உலகச் சுகாதார நிறுவனம், ஆர்ட்டிமிசினினோடு வேறொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை முதல்நிலை மருத்துவமாகப் பரிந்துரைத்தது. 2015-இல் தூ யூயூவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா இன்றும் மலேசியாவின் காட்டோரங்களிலும் தோட்டங்களிலும் உண்டு. அதற்கும் இவ்வகை மருந்தைக் கொடுக்கிறார்கள்.

1600 ஆண்டுக்கு முந்திய ஒரு வரி, சோதனையில் தேறி, கோடிக்கணக்கான மக்களுக்கு மருந்தாயிற்று. பழமை ஒரு துப்பைக் கொடுத்தது. அது மெய்யா என்று சோதனை சொல்லிற்று.

இனி, துன்பத்தைக் கேளுங்கள்.

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், இளம் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது. அவர்களெல்லாரும் உடல் மெலிவதற்கு ஒரே இடத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் என்று டாக்டர்கள் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டார்கள். நாளடைவில் ஏறத்தாழ நூறு பேர் பாதிக்கப்பட்டது தெரிந்தது. சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டியதாயிற்று. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

காரணம் என்ன? பெயர்க் குழப்பம்! மாத்திரையில் சேர்த்திருக்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் ஹான் ஃபாங்ஜி. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது குவாங் ஃபாங்ஜி. பெயரில் ஒற்றுமை. காய்ந்த வேரை வெட்டிப் பொடியாக்கிய பிறகு யாருக்கு வேறுபாடு தெரியும்? இரண்டாவது வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. அந்த நஞ்சு உள்ள மூலிகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2002-இல் வகைப்படுத்தியது.

இது சீனர் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அதே செடிக் குடும்பம் நம்மிடமும் உண்டு. பாம்புக்கடிக்கு என்று நம் பாட்டிமார் சொல்லும் ஈசுவரமூலி, வயிற்றுப் பூச்சிக்கு என்று சொல்லும் ஆடுதீண்டாப்பாளை, இரண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் அந்த அமிலம் இருக்கிறது. பாம்பு கடித்தால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். இந்தச் செடிகளை அரைத்துக் குடிப்பதும், குடிக்கக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். ஹுவாங் லியான் என்ற கசப்பான சீன வேரில் பெர்பெரின் என்ற பொருள் உண்டு. நம் மரமஞ்சளிலும் அது உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஜி.6.பி.டி. என்ற ஒரு பொருள் குறைவாக இருக்கும். அத்தகைய பச்சிளங் குழந்தைகளுக்குக் காமாலை முற்றக் கூடும் என்று அஞ்சி, 1978-இல் சிங்கப்பூர் பெர்பெரினைத் தடை செய்தது. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு 2013 முதல் தடையைத் தளர்த்தியது. எனினும் பச்சிளங் குழந்தைகளுக்கும் ஜி.6.பி.டி. குறைவுள்ளவர்களுக்கும் அது ஆகாது என்ற எச்சரிக்கை நீங்கவில்லை. பெரியவருக்கு மருந்தாவது பிள்ளைக்கு நஞ்சாகலாம் என்பது இதன் பாடம்.

சரி, பொடியாகிவிட்ட வேரில் எது மருந்து, எது நஞ்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரியாது. நாக்கை நம்ப முடியாது. மூக்கு? அதுவும் ஏமாற்றும். இங்கேதான் லேசர் ஒளி உதவிக்கு வருகிறது.

எல்லாப் பொருளும் மூலக்கூறு என்ற நுண்ணிய துணுக்குகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறும் பல அணுக்கள் கைகோத்து நிற்கும் கூட்டம். 1825-இல் மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி பென்சீன் என்ற திரவத்தைக் கண்டுபிடித்தார். அதன் அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று நாற்பது ஆண்டு யாருக்கும் புரியவில்லை. 1865-இல் கெக்குலே என்ற ஜெர்மானியர், ஆறு கரி அணுக்கள் வட்டமாகக் கைகோத்து வளையமாக நிற்கின்றன என்றார். கோலாட்டத்தில் ஆறு பேர் வட்டமாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது நம் தைலப் புட்டியை மேலிருந்து பாருங்கள். ஆறு மூலை!

இப்படி வளையம் கொண்ட மூலக்கூறுகளை அரோமாட்டிக் மூலக்கூறுகள், அதாவது நறுமண மூலக்கூறுகள் என்று அழைக்கிறார்கள். முதலில் அறியப்பட்ட பல பொருள்களுக்கு நல்ல வாசம் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. கிராம்பு, கறுவாப்பட்டை, வனிலா இவற்றின் வாசமெல்லாம் வளையம் உள்ள மூலக்கூறுகளின் வாசமே. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். நாம் சாமிக்கு ஏற்றும் சூடத்துக்கு வாசம் உண்டு, இந்த வளையம் இல்லை. புதினாவின் மெந்தாலுக்கும் அப்படியே. புலி மார்க் தைலத்தில் சூடமும் மெந்தாலும் கிராம்பு எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் மணக்கின்றன. விஞ்ஞானியின் கணக்கில் 'நறுமண' வகை கிராம்பின் சத்து மட்டும்தான். அதனால்தான் மூக்கு ஏமாற்றும் என்றோம்.

லேசர் என்பது என்ன? சாதாரண விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். பல நிறங்களும் அதில் கலந்திருக்கும். லேசர் ஒளி ஒரே நிறம், ஒரே திசை, மிகுந்த அடர்த்தி. 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் சிவப்புக்கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார்.

இனி, ஒளி மூலக்கூறை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். மூலக்கூறிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கி எறிந்தால், அந்த மூலக்கூறு மின்சாரம் ஏறிய அயனியாகிவிடும். மின்சாரம் ஏறியதைக் கருவியால் இழுக்கலாம், ஓட விடலாம், எண்ணலாம். ஆனால் எலெக்ட்ரானைப் பிடுங்குவது எளிதன்று. உயரமான திண்ணை ஒன்றின் மேல் ஒருவரை ஏற்றுவது போன்ற வேலை அது. ஒளி சிறுசிறு துணுக்குகளாக வருகிறது. ஒவ்வொரு துணுக்கும் ஒரே ஒரு தாவல் தாவ வைக்கும். ஒரு தாவலில் திண்ணைக்கு ஏற முடியாது. ஆனால் நடுவில் சரியான உயரத்தில் ஒரு படி இருந்தால்? முதல் தாவலில் படிக்கு ஏறி, இரண்டாவது தாவலில் திண்ணைக்கு ஏறிவிடலாம்!

வளையம் உள்ள மூலக்கூறுகளுக்கு அப்படி ஒரு நடுப்படி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியின் தாவலுக்குச் சரியான உயரத்தில் அது இருக்கிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் அந்த உயரத்தில் படி இல்லை. ஆகவே, ஒளியைச் சரியான நிறத்துக்குத் திருப்பி வைத்தால், கூட்டத்தில் வளையம் உள்ளவர்கள் மட்டும் மேலே ஏறி வருவார்கள். மற்றவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள். நடுப்படியில் யாரும் நெடுநேரம் நிற்க முடியாது. உடனே இரண்டாவது துணுக்கு வந்து தூக்க வேண்டும். அதனால்தான் அடர்த்தியான லேசர் ஒளி தேவைப்படுகிறது. சாதாரண விளக்கால் இது ஆகாது.

அயனியான பிறகு எடை பார்க்க வேண்டும். இரண்டு தள்ளுவண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலி, மற்றொன்றில் பால் நிறைந்த வாளிகள். இரண்டையும் ஒரே பலத்தோடு தள்ளிவிட்டால் எது முதலில் போய்ச் சேரும்? காலி வண்டிதான். அயனிகளையும் அவ்வாறே ஒரே பலத்தில் ஒரு குழாய்க்குள் தள்ளுகிறார்கள். இலேசானவை முந்தும், கனத்தவை பிந்தும். வந்து சேரும் நேரத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறார்கள். பென்சீனின் எடை எண் 78. கிராம்பின் சத்துக்கு 164. பெல்ஜியத்துப் பெண்களைக் கெடுத்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் முக்கிய வகைக்கு 341. அதுவும் வளையங்களால் ஆன மூலக்கூறுதான். ஆனால் அதற்கு வாசனை எச்சரிக்கை எதுவும் கிடையாது. ஓட்டம் முழுவதும் முடிய, நாம் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஜெர்மனியில் காப்பிக்கொட்டை வறுபடும்போது எழும் ஆவியைக்கூட இந்த இரட்டைத் தாவல் முறையால் உடனுக்குடன் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பெரிய மூலக்கூறுகளை ஆவியாக்கினால் அவை உடைந்துவிடும். அதற்கு வேறு வழி தேடினார்கள். ஜப்பானில் கோயிச்சி தனாக்கா என்ற இளம் பொறியாளர் ஒருநாள் தவறுதலாக உலோகத் தூளில் கிளிசரினைக் கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே லேசரில் வைத்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் பறந்து வந்தது! முனைவர் பட்டம் பெறாத அவருக்கு 2002-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதே காலத்தில் ஜெர்மனியில் இன்னொரு முறை கண்டார்கள். மருந்தோடு வளையமுள்ள ஒரு துணைப்பொருளைக் கலப்பார்கள். லேசர் ஒளியைத் துணைப்பொருள் வாங்கிக்கொண்டு மருந்தை மெல்லத் தூக்கிவிடும். அந்தத் துணைப்பொருள்களில் சில, கறுவாப்பட்டையின் பெயரைத் தாங்கிய சின்னமிக் அமிலத்தின் உறவுகள். அந்த முறையில் ஜின்செங் வேரின் மெல்லிய சீவல் மீது லேசரைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தி, வேரின் எந்தப் பகுதியில் எந்தச் சத்து இருக்கிறது என்று படமே வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எந்தக் கருவியும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஆர்ட்டிமிசினினுக்கு அந்த வளையம் கிடையாது. எங்கள் பெரியவருக்குத் தீங்கு செய்த வகையான ஸ்டீராய்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் கிடையாது. வளையத்தைத் தேடும் ஒளிக்கு அவை எளிதில் அகப்படா. ஆகவே சோதனைச் சாலைகளில் ஒரே கருவியை நம்புவதில்லை. கரைசலைக் குழாய் வழியாகச் செலுத்திப் பிரித்தெடுத்து, பிறகு எடை பார்க்கும் முறை போன்ற பலவற்றையும் பயன்படுத்துகிறார்கள்.

நேயர்களே, "நம் வீட்டில் லேசர் ஏது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சோதனைச் சாலைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பதிவு எண்தான் அது.

மலேசியாவில் மாத்திரையாகவும் தைலமாகவும் தயாரித்து விற்கும் பாரம்பரிய மருந்துகளைச் சுகாதார அமைச்சின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். சீன மருந்தானாலும், மலாய் ஜாமுவானாலும், நம் சித்த மருந்தானாலும் ஒரே சட்டம்தான். பதிவு எண் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும். பிறகு 8 இலக்கங்கள் வரும். பாரம்பரிய மருந்தானால் டி என்ற எழுத்து வரும். மினுமினுக்கும் பாதுகாப்பு வில்லையும் ஒட்டியிருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி வழியாகவும் அவர்கள் அதைச் சரிபார்க்க முடியும். எண் இருப்பதால் அந்த மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளில்லை. உள்ளே இருப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்று பொருள். எண் இல்லாத புட்டிக்கு யார் பொறுப்பு?

இரண்டாவதாக, மாத்திரை மூன்று நான்கு நாளில் மாயம்போல மூட்டுவலியைப் போக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். வேரும் தழையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வது அரிது. அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். அதுவும் ஆபத்து. புட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவதாக, டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். "திட்டுவாரோ" என்று பயந்து கசாயத்தையும் பொடியையும் சொல்லாமல் விடுகிறோம். திட்டினால் ஒரு நிமிடம் வெட்கம், அவ்வளவுதான். மறைத்தால் சிறுநீரகமே போகலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வேருக்கு மாறவும் வேண்டாம்.

பாரம்பரிய மருத்துவம் வேண்டும் என்றால், அதற்கும் இன்று ஒழுங்கான வழி உண்டு. 2007-இல் கெப்பாளா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியது. பிறகு வேறு பல மருத்துவமனைகளிலும் வந்தது. 2016-இல் மலேசியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டிலேயே சீன வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்துவிட்டது. வைத்தியரும் பதிவு, மருந்தும் பதிவு. இப்படித்தான் சீன மருத்துவம் வெளிநாடுகளில் மதிப்புப் பெற்று வருகிறது. நம் சித்த மருத்துவமும் அந்த வழியில்தான் மதிப்புப் பெற வேண்டும்.

எங்கள் லயத்துப் பெரியவர் இன்றில்லை. சில ஆண்டுகளுக்கு முன் முதுமையால் காலமானார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவருக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் என்ன மருந்து கொண்டுவந்தாலும் பேத்தியைக் கூப்பிடுவார். "நம்பர் இருக்கா பாரும்மா" என்பார். இருக்கிறது என்றால்தான் வாங்குவார். அவருக்கு லேசர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் எங்கே வெளிச்சம் தேவை என்பது தெரிந்திருந்தது.

இன்று இரவு உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். எழுத்தில்லாத புட்டி ஏதேனும் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் யாரும் அதைச் சாப்பிடாதிருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். யாரேனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கே டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதைச் செய்தாலே இந்த உரையின் பயன் நிறைவேறிவிடும்.